பக்கத்தில் பக்கத்தில் வைத்து

"ஒரு மணி நேரத்துல நானே கூப்பிடுறேம்மா" என்று சொல்லிப் போனை வைத்தபோது மணி பதினொன்று பத்து. சவரிமுத்து போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்து வைத்தாலும் அதற்குள்ளிருந்து அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. சாத்தூர் பக்கம் ஏதோ ஊர், மாரீஸ்வரி என்று பேர் சொன்னாள், ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாளாம். உங்க வீடியோ ஒண்ணு விடாம பாப்பேண்ணே, நீங்க மழுப்ப மாட்டீங்க, அது எனக்குப் பிடிக்கும் என்றாள். அவள் திட்டியிருக்கலாம். திட்டுகிறவர்களைச் சமாளித்து அவனுக்குப் பழக்கம். ஏழு வருஷமாகக் கம்ப்யூட்டர் சாமான்களைப் பற்றித் தமிழில் வீடியோ போடுகிறவனுக்கு, கீழே கமெண்டில் வந்து திட்டிவிட்டுப் போகிறவர்கள் வாசலில் போகிற வண்டிச் சத்தம் மாதிரி. அவள் திட்டவில்லை. "நீங்க சொன்ன அந்த ஆரஞ்சு டப்பா பிராசசரத்தாண்ணே வாங்குனேன். வெட்டி முடிச்ச பத்து நிமிஷ வீடியோ ஒரே ஃபைலா வெளிய வரப் பதினேழு நிமிஷம்தான்னு சொன்னீங்க. எனக்கு முக்கா மணி நேரத்துக்கு மேல ஓடுது. ரெண்டு தடவ பாதியில நின்னும் போச்சு. நான் எங்க தப்புப் பண்றேன்னு கண்டுபிடிக்க முடியலண்ணே. ஏதாவது சின்ன செட்டிங்கா இருக்கும்ல?" நான் எங்க தப்புப் பண்றேன். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் சிரித்தது, தன்னைப் பற்றித் தானே முந்திக்கொண்டு சிரித்துவிடுகிறவர்கள் சிரிப்பது மாதிரி. பிறகு தாழ்ந்தது. "வீட்டுக்காரரு உனக்கு இது வரல, வித்துருவோம்கிறாரு. சாயங்காலம் ஒருத்தர் மெஷினப் பாக்க வர்றாரு. அதுக்குள்ள தெரிஞ்சா நல்லாருக்கும்ணே."

தெரிஞ்சா நல்லாருக்கும். என்ன தெரிய வேண்டும்? தெரிய வேண்டியது அவனுக்கு ஏற்கனவே தெரியும் என்று ஒரு எண்ணம் தலையைத் தூக்கியது, அவன் அதைப் பார்க்காததுபோல எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு பீரோமேல் கைவிட்டுத் துழாவினான். பழைய காலண்டர்கள், மனைவி ஸ்டெல்லாவின் தையல் மெஷின் மூடி, அதற்குப் பின்னால் அட்டைப் பெட்டி. கூரியர்க்காரன் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. மேலே தூசி, ஆனால் ஒரு ஓரத்தில் தூசி இல்லை. யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இந்த வீட்டில் துடைக்கிறவள் ஸ்டெல்லா ஒருத்திதான். அவள் இதை எடுத்துப் பார்த்திருக்கிறாள். டேப் பிரியவில்லை என்று பார்த்திருக்கிறாள். திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. எப்போது? போன வாரம் பீரோவைத் துடைத்தாளே, அன்றைக்கா? அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை. குழம்பு மட்டும் ஞாபகம் வந்தது. டேப்பைக் கத்தியால் கிழித்தபோது அந்தச் சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது. உள்ளே சாம்பல் நிற டப்பா, அதற்கு ஏற்ற போர்டும் கூடவே. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீலை நகத்தால் பிரித்தான். ஒன்றரை மாதம் முன்னால் பிரித்திருக்க வேண்டிய சீல். ஆரஞ்சு டப்பாக்காரர்களைவிட இதை விற்கிறவர்கள் ஒரு வாரம் தாமதமாக அனுப்பினார்கள், அவ்வளவுதான் நடந்தது, ஒரு வாரம்தான். ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். ஆனால் சேலத்துக்காரன் ஒருத்தன் அதற்குள் இந்த இரண்டையும் பற்றி வீடியோ போட்டுவிடுவானோ என்று இருந்தது. அவன் போடவே இல்லை.

இரண்டும் மலிவு விலைப் பிராசசர்கள்தான். பெரிய மெஷின் வாங்க முடியாதவர்கள், எது கொஞ்சம் தாங்கும் என்று நூறு பேரிடம் விசாரித்து வாங்குகிற ரகம். ஆரஞ்சு எழுநூறு ரூபாய் குறைவு, டப்பாமேல் போட்டிருக்கிற வேகம் கொஞ்சம் கூடுதல். சாம்பலில் வேகம் குறைவு, ஆனால் உள்ளே வேலை செய்கிற கோர் நாலு, ஆரஞ்சில் இரண்டுதான். ஓட்டப்பந்தயக்காரர்கள் இரண்டு பேர் மூட்டை சுமப்பதும், சாதாரண ஆட்கள் நாலு பேர் சுமப்பதும் போல என்று அவனே ஒரு வீடியோவில் அழகாகச் சொல்லியிருக்கிறான். கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. போர்டை மேசையில் வைத்து, சின்ன இரும்பு நெம்புகோலைத் தூக்கி, பிராசசரின் முக்கோணக் குறியைப் போர்டின் குறியோடு பொருத்தி, சூட்டைக் கடத்துகிற பசையை அரிசி அளவு வைத்து, ஃபேனை அழுத்தித் திருகினான். ஒரே அளவு ரேம், ஒரே மாதிரி டிஸ்க். கை நடுங்கவில்லை என்பதில் அவனுக்கு ஒரு அற்பப் பெருமை வந்தது, வந்த உடனே அது புளித்தது. இரண்டு பழைய மானிட்டர்கள், இடப்பக்கம் ஏற்கனவே பூட்டி வைத்திருந்த ஆரஞ்சு, வலப்பக்கம் சாம்பல். சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த பத்து நிமிஷத் துண்டை இரண்டிலும் போட்டான், அதே பாட்டு, அதே எழுத்து, பூ உதிர்கிற அதே அலங்காரம். பதினொன்றரைக்கு இரண்டு மவுசையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினான். அழுத்தியபோது வாய் தானாக முணுமுணுத்தது: ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நானே ஓட்டிப் பாத்துட்டேன் மக்களே. அந்த வீடியோவின் முதல் வரி அது. இப்போதுதான் அது உண்மையாகிறது, ஒன்றரை மாதம் கழித்து, யாரும் பார்க்காத அறையில், கதவு திறந்து கிடக்க, கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடிக்க.

பதினேழு. அந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது என்பதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை, தனக்கும்கூட முழுதாகச் சொன்னதில்லை. வெளிநாட்டுக்காரன் ஒருவன் போட்டிருந்த அட்டவணையில் ஆரஞ்சு இருபது சதவீதம் முந்தியிருந்தது. சதவீதம் சொன்னால் மக்களுக்கு ஒட்டாது, நிமிஷமாகச் சொல்ல வேண்டும். பதினைந்து, இருபது என்று முதலில் எழுதினான். முழு எண்ணாக இருந்தது, கற்பனை மாதிரித் தெரிந்தது. அடித்துவிட்டுப் பதினேழு, இருபத்தொன்று என்று எழுதினான். அப்படி எழுதியதும் நிஜமாகவே ஓட்டிப் பார்த்த மாதிரி ஒரு களை வந்துவிட்டது. எழுதிய தாளைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. திருட்டுத்தனமாகச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, கைவேலை சுத்தமாக வந்த சந்தோஷத்தில் சிரித்தான். இது முதல் தடவையா என்று கேட்டால், இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம், இயற்பியல் பரிசோதனைத் தேர்வு, அவனுக்கு வந்தது தனி ஊசல். சீனியரின் நோட்டிலிருந்து அளவுகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தான், நூல் நீளம், இருபது அலைவுக்கு எத்தனை நொடி, எல்லாம். மளமளவென்று எழுதி முடித்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருந்தான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தாளை வாங்கிப் பார்த்தார், நல்லா வந்திருக்கே என்றார், பிறகு ஸ்டாண்டைப் பார்த்தார். "தம்பி, நூல் அறுந்து கெடக்கே. எத ஆட்டுன?" என்றார். பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். அவர் மார்க்கைக் குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். குறைத்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊசல் குண்டு தரையில் கிடக்கிறது, நூல் மேலே தொங்குகிறது, அவன் தாளில் இரண்டு தசமப் புள்ளி வரைக்கும் துல்லியமாக எழுதிக்கொண்டிருக்கிறான்.

நாலு நிமிஷம் ஆகியிருந்தது. சாம்பலின் பச்சைக் கோடு இருபது சதவீதத்தைத் தாண்டிவிட்டது, ஆரஞ்சு ஏழில் நின்றது. நின்றதா? இல்லை, எட்டுக்குப் போனது. இரண்டு நாளாகவே வலப்பக்கப் பிளக் லூசாக இருக்கிறது, கரன்ட் போனால் போகட்டும் என்று நினைத்தான். அப்புறம்தான் தான் என்ன நினைத்தோம் என்று விளங்கியது: சாம்பல் நின்றுபோக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒருத்தன் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறான். ஆரஞ்சின் ஃபேன் குரல் எழுப்பிக் கத்தத் தொடங்கியிருந்தது. பக்கவாட்டில் விரலை வைத்தான், சுட்டது. பாவம், இதுவும் முடிந்த மட்டும் இழுக்கிறது. தன்னால் என்ன ஆகும் என்று அது யாரிடமும் பொய் சொல்லவில்லை, சொன்னது அவன். எழுதுகிற வேலைக்கும் கணக்குப் போடுகிற வேலைக்கும் இது தங்கமான சாமான், எழுநூறு ரூபாய் மிச்சம். அப்படிச் சொல்லியிருந்தால் போதுமே. வீடியோ வெட்டுகிறவங்களும் தாராளமா வாங்கலாம் என்று ஏன் சேர்த்தான்? தாராளமா. அந்தச் சொல் அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது, அவ்வளவுதான். கல்யாண வீடியோ வெட்டுகிறவர்கள் என்றால் எங்கோ இருக்கிற கூட்டம் என்று நினைத்தானே தவிர, அதில் சாத்தூரில் ஒருத்தி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு நிற்பாள் என்று நினைக்கவில்லை.

அவளுக்கு என்ன சொல்லலாம் என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தான். ஒரு வழி இருந்தது. உண்மையிலேயே ஒரு செட்டிங் இருக்கிறது: படத்தின் தரத்தை ஒரு படி இறக்கிவிட்டால் ஆரஞ்சும் இருபது நிமிஷத்தில் முடித்துவிடும். அம்மா, அந்த மூணாவது கட்டத்துல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அதப் பாதியாக்குங்க, அவ்வளவுதான். அவள் சந்தோஷப்படுவாள். என் தப்புத்தாண்ணே, கவனிக்கல என்பாள். சாயங்காலம் வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவாள். இரண்டு மாதம் கழித்து எந்த வீட்டிலாவது பெரிய டிவியில் போட்டுப் பார்க்கும்போது மணப்பெண்ணின் கன்னம் சதுரம் சதுரமாக உடையும், பட்டுப் புடவையின் ஜரிகை கலங்கிப் போகும், ஸ்டுடியோக்காரர் அவளைக் கூப்பிட்டு என்னம்மா வேலை பண்ணியிருக்கே என்பார். அவள் அப்போதும் நான் எங்க தப்புப் பண்ணேன் என்றுதான் தேடுவாள். சவரிமுத்து அந்த இடத்தில் நின்றான். ஏனென்றால் இதைச் செய்ய முடியும் என்று அவனுக்குத் தெரிந்தது. செய்துவிட்டு மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கவும் முடியும். ஸ்டெல்லாவால் முடியாது. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறவள். யாரோ ஒரு கிழவருடைய சர்க்கரை அளவு சந்தேகமாக இருக்கிறது என்று ஷிப்ட் முடிந்த பிறகும் இருந்து இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்த நாள் உண்டு. மெஷின் சொன்னா எழுதிக் கொடுத்துட்டு வரவேண்டியதுதானே என்று அவன் கேட்டான். பேப்பர்ல ஒரு நம்பர்தான உங்களுக்கு என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, கால் வலியில் சொன்னாள். இப்போது குத்துகிறது.

அட்டவணையில் மாடல் மாறிப் பார்த்துவிட்டேன், மனுஷன் செய்கிற தவறுதானே. இந்தச் சாக்கைத்தான் இவ்வளவு நேரமும் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்திருந்தான், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள. அது பொய்யும் இல்லை. அந்த வெளிநாட்டுக்காரன் ஒப்பிட்டிருந்தது போன வருஷத்துச் சாம்பல் டப்பாவை. பேர் ஒன்றுதான், கடைசி எண் மட்டும் வேறு. யாருக்கும் கண் தவறும். ஆனால் கண் தவறியது எப்போது தெரிந்தது என்று ஒரு தேதி இருக்கிறது, மனசு அந்தத் தேதியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு தடவையும் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுகிறது. மூன்று வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, வீடியோவுக்குக் கீழே யாரோ பணிவாக எழுதியிருந்தார்கள்: சார், நீங்கள் சொல்வது பழைய மாடல் என்று நினைக்கிறேன், புதியதில் நாலு கோர், கொஞ்சம் பாருங்கள். பார்த்தான். அட்டவணையைத் திறந்து பார்த்தான். கடைசி எண் வேறாகத்தான் இருந்தது. பிறகு விரல் போய் அந்தக் கமெண்டை மறைத்துவிட்டது. விரல்தான் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். மாரீஸ்வரி மெஷின் வாங்கி எத்தனை நாள் ஆகிறது? போனில் சொன்னாளே. பதினஞ்சு நாளா மல்லுக்கட்டுறேண்ணே என்றாள். பதினைந்து நாள். மூன்று வாரம் என்றால் இருபத்தொரு நாள். ஆறு நாள் இடைவெளி இருக்கிறது. அந்த ஆறு நாளில் எந்த நாளிலாவது ஒரு வரி, பொறுத்தருளவும், நான் சொன்னது தவறு என்று ஒரே ஒரு வரி அவன் எழுதியிருந்தால், அவள் கடைக்காரரிடம் போய் சாம்பல் டப்பாவைக் கொடுங்க என்று கேட்டிருப்பாள். ஆறு நாளும் அவன் என்ன செய்தான்? ஹெட்போன் பற்றி ஒரு வீடியோ போட்டான். ஒரு சாவுக்குப் போய்வந்தான். மற்ற நாளெல்லாம் சும்மாதான் இருந்தான்.

வலப்பக்கம் டிங் என்று ஒரு சத்தம். பதினெட்டு நிமிஷம் நாற்பது நொடி. சாம்பல் முடித்துவிட்டு ஃபேனை அடக்கிக்கொண்டு அமைதியானது. ஆரஞ்சு முப்பத்துநாலில் இருந்தது. பார்த்தாகிவிட்டது, இனிப் பார்க்க ஒன்றும் இல்லை, போனை எடுக்கலாம். எடுக்கவில்லை. அதற்குப் பதில் லேப்டாப்பைத் திறந்து அந்த வீடியோவின் பக்கத்துக்குப் போனான். நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். ஓரத்தில் குப்பைத்தொட்டிப் படம். ஒரு தட்டுத் தட்டினால் வீடியோவே இருக்காது. இனி ஒருத்தரும் ஏமாற மாட்டார்கள், நல்ல காரியம்தானே என்று தோன்றியது, தோன்றிய வேகத்தைப் பார்த்து அவனுக்கே சந்தேகம் வந்தது. கமெண்டை மறைத்த அதே விரல். நாற்பத்தோராயிரம் பேரில் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள், அதில் எத்தனை பேர் கூப்பிடக் கூச்சப்பட்டு, நமக்குத்தான் தெரியவில்லை என்று மெஷினை ஓரமாக வைத்துத் துணி போட்டு மூடியிருப்பார்கள்? லேப்டாப்பை மூடினான். கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. தாகமாக இருந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் எழுந்தால் அப்படியே வெளியே நடந்து போய்விடுவோம் என்று பயமாக இருந்தது. காலையில் வைத்த டீயில் ஆடை படிந்து கிடந்தது, அதைக் குடித்தான். ஆரஞ்சு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. அவள் ஒவ்வொரு நாளும் இதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இதே கோடு, இதே ஊர்வு, வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சத்தம் முதுகுக்குப் பின்னால். ஒரு மணி நேரம் என்று சொன்னது பன்னிரண்டு பத்தோடு முடிந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. இந்த மூன்று நிமிஷமும் அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு பதினாலுக்கு ஆரஞ்சு எண்பதைத் தொட்டது. போனை நிமிர்த்தி எடுத்தான்.

முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். "சொல்லுங்கண்ணே."

"உங்க மேல தப்பு இல்லம்மா" என்றான். "நான்... அந்த வீடியோல சொன்னது தப்பு. ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன்னு சொன்னேன்ல, பாக்கல. இன்னைக்குத்தான் பாத்தேன். உங்க பிராசசர் அவ்வளவுதான் ஓடும். யாரு பண்ணாலும் அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மிக்ஸி ஓடி நின்றது.

"நான் சொன்னது பழைய மாடலோட கணக்கு. அது எனக்குத் தெரிஞ்சும் மாத்தல. நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே தெரியும்" என்றான். இதைச் சொல்வதாக அவன் திட்டமிடவில்லை. "இன்னொரு பிராசசர் எங்கிட்ட இருக்கு, போர்டோட. இன்னைக்கே உங்களுக்கு அனுப்பி வெச்சுடுறேன். எதுவும் குடுக்க வேண்டாம்."

"அப்ப என் மேல தப்பு இல்லியாண்ணே?" என்றாள் மாரீஸ்வரி. மற்றது எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இல்லம்மா."

"நான் பண்ணதெல்லாம் சரிதானா?"

"சரிதான்மா. எல்லாமே சரிதான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. அடுத்து வசவு வரும் என்று அவன் காத்திருந்தான், வந்தால் கொஞ்சம் ஆறும் என்றிருந்தது. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்கண்ணே. இத அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சாக்குச் சொல்றேன்பாரு" என்றாள். நடக்கிற சத்தம், ஒரு கதவு, ஸ்பீக்கரில் போட்டதும் அந்த வீட்டின் அறை முழுக்க இவன் காதுக்குள் வந்து திறந்துகொண்டது. ஏங்க, அந்த வீடியோ அண்ணன் பேசுறாங்க, கேளுங்க.

"சார், வணக்கம் சார்!" ஆண் குரல், சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பாதியில் விழுங்கிய குரல். "சீனிராஜ் பேசுறேன் சார். உங்க வீடியோவ நானும் பாப்பேன் சார், நல்லா விவரமா சொல்வீங்க. இவ உங்களயும் தொந்தரவு பண்ணிட்டாளா? கோவிச்சுக்காதீங்க சார், நம்ம ஆளுக்கு இது கொஞ்சம் வரல."

"தொந்தரவு இல்லீங்க. நான்..." வாசல் கதவு திறந்திருப்பது ஞாபகம் வந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "நான் அத ஓட்டிப் பாக்கலீங்க."

"என்ன சார்? ஃபேன் சத்தத்துல கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"ஓட்டிப் பாக்காமலே சொன்னேங்க!" என்றான் சவரிமுத்து. கீழே பேச்சு நின்றது. "ஓட்டிப் பாத்தேன்னு சொன்னது பொய். நம்பர நானா எழுதுனேன். அந்தச் சாமானால முடியாது, உங்க வீட்டம்மாவுக்கு வேல நல்லாத் தெரியும். தப்பு என்னோடது."

சீனிராஜிடமிருந்து சார் என்று இன்னொரு தடவை வரவில்லை. போனை விட்டு வேறு பக்கம் திரும்பிய குரலில், "இதுக்காகவா பதினஞ்சு நாளா ராவும் பகலும் மூஞ்சிய அப்படி வெச்சிருந்த?" என்றார். மாரீஸ்வரி என்ன சொன்னாள் என்று தெளிவாகக் கேட்கவில்லை, அழுகிற மாதிரியும் இருந்தது, அதட்டுகிற மாதிரியும் இருந்தது. "சரி, விடு. அந்தாளுகிட்ட வர வேணாம்னு சொல்லிடுறேன். நீ மொதல்ல வந்து சாப்பிடு" என்றார். தட்டு வைக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். போனை எங்கோ வைத்துவிட்டார்கள், அதில் ஒருவன் இருக்கிறான் என்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று. சவரிமுத்து அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் சாப்பிடுவதை ஒட்டுக்கேட்பது சரியில்லை என்று தெரிந்தது. வைத்துவிடலாம். ஆனால் அவர்கள் வைக்கச் சொல்லும் முன்னால் போனை வைக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.